ஓபன் சோர்ஸ்ல சேர்ற நம்ம புள்ளைங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாசம் ஹட்டன்ல ஒரு சின்ன ரூம்ல ஏழெட்டுப் புள்ளைங்கள வச்சு கிட், அதாவது கோட்ல செய்ற மாத்தங்களப் பதிஞ்சு வைக்கிற சொஃப்ட்வெயார், சொல்லிக்குடுத்துட்டு இருந்தேன், எல்லாம் ஏ.எல் எழுதிட்டு ரிசல்ட்டுக்குக் காத்துட்டு இருக்கிறவங்க. அதுல மஸ்கெலியா பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒருத்தன் போனை நீட்டி, அண்ணே மூணு நாளாச்சு ஒரு பதிலும் வரல, நம்மள எல்லாம் மதிக்க மாட்டாங்க போலன்னான். வாங்கிப் பாத்தேன். அவன் பாவிக்கிற ஒரு சொஃப்ட்வெயாரோட மெயின்டெய்னருக்கு, அதாவது அதப் பராமரிக்கிறவருக்கு, அவரோட இன்பொக்ஸுக்கே தனியா போய், ஹலோ சேர், சொஃப்ட்வெயார் வேலை செய்யல, ப்ளீஸ் ஹெல்ப்னு எழுதியிருக்கான், அவ்வளவுதான்.

இதான் நான் அதிகமா பாக்குற தப்பு. ஏன் இஷ்யூ, அதாவது ப்ரொஜெக்ட் பக்கத்துல எல்லாரும் பாக்குற மாதிரி பிரச்சினைய எழுதுற பதிவு, போடாம இன்பொக்ஸுக்குப் போனன்னு கேட்டா, எல்லாரும் பாக்குற இடத்துல நம்ம இங்கிலீஷ் பிழையாப் போயிட்டா வெக்கமா இருக்குமேன்னு சொல்றான். அந்தக் கூச்சம் எனக்கும் இருந்துச்சு, அதனால அவனத் திட்ட மனசு வரல. ஆனா விஷயம் என்னன்னா, ஓபன் சோர்ஸ்ல, அதாவது கோட யாரும் பாத்து மாத்தக்கூடிய சொஃப்ட்வெயார்ல, கோட் மட்டும் ஓபனா இருந்தா போதாது, பேச்சும் ஓபனா இருக்கணும். நீங்க இன்பொக்ஸ்ல கேட்டா அந்த ஒரு மனுசன் மட்டும்தான் பதில் சொல்ல முடியும், அவரு பாதி நேரம் வேற வேலை பாத்துட்டு ராத்திரி சம்பளமில்லாம இதப் பாக்குறவரா இருப்பாரு, அதே கேள்விய நாளைக்கு இன்னொருத்தன் கேட்டா திரும்பவும் முதல்ல இருந்து எழுதணும். இஷ்யூவா போட்டா வேற நாட்டுல முழிச்சிருக்கிற யாராவது ஒருத்தர் பதில் சொல்லுவாங்க, அது எல்லாருக்கும் அங்கயே கெடக்கும். இங்கிலீஷ்ல பிழை இருந்தா யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க, அங்க எழுதுறவங்கள்ல எத்தனையோ பேருக்கு இங்கிலீஷ் தாய்மொழி இல்ல.

அங்கயே உக்காந்து அவன வச்சு திரும்ப எழுத வச்சேன். எந்த ஒப்பரேட்டிங் சிஸ்டம், சொஃப்ட்வெயாரோட எந்த வெர்ஷன், நீ என்ன செஞ்ச, என்ன நடக்கும்னு நினைச்ச, என்ன நடந்துச்சு. எரர் மெசேஜ போட்டோ புடிச்சுப் போடாம அப்படியே கொப்பி பண்ணிப் போடு, அப்பதான் தேடுறவங்களுக்குக் கிடைக்கும். இப்படி ஒவ்வொண்ணா செஞ்சு பாக்கும்போதே விஷயம் வெளிய வந்துருச்சு, பைலுக்குத் தமிழ்ல பேர் வச்சு சேவ் பண்ணினா மட்டும்தான் அந்த சொஃப்ட்வெயார் மூடிக்குது, அதே பைலுக்கு இங்கிலீஷ்ல பேர் வச்சா ஒரு பிரச்சினையும் இல்ல. அதைத் தலைப்புலயே எழுதிப் போட்டான். ரெண்டு நாள்ல பதில் வந்துச்சு, மெயின்டெய்னர்கிட்ட இருந்து கூட இல்ல, முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர்கிட்ட இருந்து.

இது வெளிநாட்டுக்காரங்க விஷயம்னு நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். 2004 டிசம்பர் 26 சுனாமி வந்தப்ப, காணாமப் போனவங்க பேரு, முகாம்ல இருக்கிறவங்க விவரம், எந்த முகாமுக்கு என்ன தேவைன்னு பதிஞ்சு வைக்க சஹானாங்கிற ஓபன் சோர்ஸ் சொஃப்ட்வெயார செஞ்சது நம்ம நாட்டுத் தன்னார்வலர்கள்தான், அது பிறகு வேற நாட்டு அனர்த்தங்களுக்கும் போச்சு. 2014ல மீரியபெத்த மண்சரிவப் பாத்த நமக்கு அப்படி ஒரு பட்டியல் எவ்வளவு பெரிய விஷயம்னு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல.

அடுத்தது, இத நான் செய்றேன்னு கை தூக்கிட்டு காணாமப் போறது. மழைக்காலத்துல ரெண்டு நாள் கரண்ட் இல்லாமப் போறதும், லயத்துல சிக்னல் கிடைக்காம மேட்டுக்கு ஏறிப் போய் நிக்கிறதும் நமக்குத் தெரியும், ஆனா அந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்குத் தெரியாது. நீங்க எடுத்துக்கிட்டீங்கன்னு வேற யாரும் அதத் தொட மாட்டாங்க, வேலை அப்படியே நிக்கும். முடியல, வேற யாராவது எடுங்கன்னு ஒரு வரி போட்டா போதும். அதுல ஒரு மரியாதைக் குறைச்சலும் இல்ல.

கேக்காம பெரிய மாத்தம் செய்றது, இது நானே செஞ்ச தப்பு. சில வருஷத்துக்கு முன்ன ஒரு சொஃப்ட்வெயாரத் தமிழ்ல பாவிச்சப்ப எல்லா இடத்துலயும் கணினின்னு இருந்துச்சு. நான் சின்ன வயசுல இருந்து எழுதினது கணனி. நம்ம தமிழ்ல இல்லையேன்னு எனக்கு ஆத்திரம், ஒரே ராத்திரியில இருநூறு வரிக்கு மேல ஃபைன்ட் அன்ட் ரிப்ளேஸ் போட்டு மாத்தி அனுப்பிட்டேன். அந்தப் ப்ரொஜெக்ட்டுக்குன்னு ஒரு சொற்பட்டியல் இருந்தத நான் திறந்தே பாக்கல. அது போக, சதவீதக் குறியோட வர்ற இடங்கள், அதுல சொஃப்ட்வெயார் தானே பேரையும் எண்ணையும் நிரப்பிக்கும், அங்க ரெண்டு மூணு இடத்துல என் கை பட்டு உடைஞ்சு போச்சு. வருஷக்கணக்கா அந்த மொழிபெயர்ப்பப் பாத்துட்டு இருந்த அக்கா ஒருத்தவங்க பொறுமையா எழுதினாங்க, தம்பி உங்க சொல்லும் சரிதான், ஆனா முதல்ல கேட்டிருக்கலாமே, இலங்கைத் தமிழுக்குன்னு தனி லொகேல் குறியீடு, நாட்டுக்கு நாடு மொழி வித்தியாசத்தப் பிரிச்சுக் காட்டுறது, இருக்கே, அதுல செய்யலாமேன்னு. அவங்க மூணு வருஷமா கோர்த்தத நான் ஒரு ராத்திரியில கலைக்கப் பாத்திருக்கேன். ஆகவே பத்து வரிக்கு மேல மாத்தப் போறீங்கன்னா முதல்ல ஒரு இஷ்யூ போட்டு, இப்படிச் செய்யலாமான்னு கேளுங்க. அனுப்பும்போதும் ஒரு புல் ரிக்வெஸ்ட்ல, அதாவது என் மாத்தத்தச் சேத்துக்கோங்கன்னு அனுப்புற வேண்டுகோள்ல, ஒரு விஷயம்தான். தேயிலைக் கொழுந்தோட முத்தின இலையையும் குச்சியையும் சேத்துக் கொண்டுபோய்க் கொட்டினா நிறுக்கிற இடத்துல என்ன நடக்கும்னு நம்ம அம்மாமாருக்குத் தெரியும்.

பேருக்காக அனுப்புறதும் வேணாம். 2020 ஒக்டோபர்ல ஹக்டோபர்ஃபெஸ்ட்ங்கிற ஓபன் சோர்ஸ் நிகழ்ச்சில 4 புல் ரிக்வெஸ்ட் அனுப்பினா டீ-ஷர்ட்னு இருந்துச்சு, ப்ரொஜெக்ட் அறிமுகத்த எழுதுற ரீட்மீ பைல்ல ஒரு சொல்லச் சேத்து ஆயிரக்கணக்குல அனுப்பி மெயின்டெய்னர்கள ஒரு வழி பண்ணிட்டாங்க, கடைசில சம்மதம் சொன்ன ப்ரொஜெக்ட்டுகள மட்டும் சேக்கிறதுன்னு விதிய மாத்த வேண்டியதாப் போச்சு. இப்ப அதே வேலைய ஏஐ-ல எழுதி அனுப்புறாங்க. ஏஐ பாவிச்சா பாவிச்சேன்னு சொல்லுங்க, ஒவ்வொரு வரியும் உங்களுக்குப் புரிஞ்ச பிறகு அனுப்புங்க. வேற இடத்துல இருந்து கோட் எடுத்தா அதோட லைசன்ஸ் என்னன்னு பாருங்க, எழுதினவங்க பேர அழிக்காதீங்க.

இன்னும் ரிலீஸ் வரலையா, எப்ப வரும், உங்களால முடியலன்னா வேற யார்கிட்டயாவது குடுங்கன்னு நச்சரிக்கிறது சின்ன விஷயமாத் தெரியும். எக்ஸ்இசட்னு ஒரு சின்ன சொஃப்ட்வெயார், பைல சுருக்குறது, லினக்ஸ்ங்கிற ஓபன் சோர்ஸ் ஒப்பரேட்டிங் சிஸ்டத்துல கிட்டத்தட்ட எல்லா இடத்துலயும் இருக்கு. அதப் பாத்துட்டு இருந்தவர், நான் மனசளவுல சிரமத்துல இருக்கேன், இது சம்பளமில்லாம செய்ற வேலைன்னு வெளிப்படையாவே எழுதினாரு. அப்பவும் 2022ல சில பேர் விடாம நெருக்கினாங்க, அவங்க போலிக் கணக்குகள்னுதான் பலரும் நம்புறாங்க. கடைசில உதவிக்கு வந்த ஜியா டான்ங்கிற பேருக்கு அதிகாரம் போச்சு, அந்தப் பேர்ல 2024ல 5.6.0, 5.6.1 ரெண்டு வெர்ஷன்லயும் கள்ள வாசல், அதாவது வெளியாள் ரகசியமா உள்ள நுழையுற வழி, வச்சாங்க. லொகின் ஆகுறதுக்கு அரை செக்கன் கூட எடுக்குதேன்னு அன்ட்ரெஸ் ஃப்ரொய்ன்டுங்கிற இன்ஜினியர் தோண்டிப் பாத்து மார்ச் 29 வெளிய சொன்னதாலதான் உலகம் தப்பிச்சது. களைச்சுப் போன ஒரு மனுசன நெருக்கினா எங்க போய் முடியும்னு இத விடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியல. ஞாபகப்படுத்தணும்னா ரெண்டு வாரம் கழிச்சு ஒரு தடவ, மரியாதையா, முடிஞ்சா நான் டெஸ்ட் பண்ணித் தரவான்னு கேட்டு எழுதுங்க.

கெட்டிக்காரனா இருந்தா கடுமையாப் பேசலாம்ங்கிற காலமும் போயிருச்சு. லினக்ஸ ஆரம்பிச்ச லினஸ் டோர்வல்ட்ஸே 2018 செப்டம்பர்ல தன் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டுட்டு கொஞ்ச நாள் ஒதுங்கி இருந்தாரு, அந்த வருஷமே லினக்ஸோட மையப் பகுதியான கெர்னலுக்கு நடத்தை விதி வந்துச்சு. கோட்ல பிழை இருந்தா இந்த வரியில இப்படிப் பிழைன்னு சொல்லுங்க, எழுதினவன் மூளைய இழுக்காதீங்க.

எல்லாத்தையும் வெளிப்படையாப் பேசுங்கன்னேன், ஆனா ரெண்டு விஷயம் அப்படி இல்ல. எங்க வகுப்புல ஒரு தங்கச்சி தன் பேரப் பாத்துட்டு ஒருத்தர் கண்டபடி மெசேஜ் அனுப்புறாருன்னு பேசாம அக்கவுன்ட்டையே மூடப் பாத்தா. மூட வேண்டியது அவ இல்ல. நடத்தை விதி பைல்ல முறைப்பாட்டுக்குன்னு ஒரு ஈமெயில் இருக்கும், ஸ்கிரீன்ஷொட்டோட அதுக்குத் தனியா எழுதினா, நாங்களும் கூட இருந்தோம். மத்தது பாதுகாப்பு ஓட்டை. அடுத்தவங்க பாஸ்வேர்ட பாக்க முடியுற மாதிரி ஒண்ணக் கண்டுபிடிச்சா இஷ்யூ போடாதீங்க, செக்யூரிட்டினு பேர் போட்ட பைல்ல எங்க அறிவிக்கணும்னு இருக்கும், அங்க எழுதிட்டு, திருத்தின வெர்ஷன் வர்ற வரைக்கும் ஃப்ரெண்ட்ஸ் வட்ஸ்அப் குரூப்ல கூடப் போடாம வச்சிருங்க.