மின்சாரமா, பெட்ரோலா? குடும்பத்துக்கு எஸ்யூவி வாங்கும் முன்

ஷோரூமுக்குள் கால் வைக்கும் முன்னால், இரவில் உங்கள் கார் நிற்கப்போகும் இடத்தைப் போய்ப் பாருங்கள். உங்கள் மீட்டரிலிருந்து அங்கே ஒயர் இழுக்க முடிந்தால்தான் மின்சார எஸ்யூவியைப் பற்றி மேற்கொண்டு யோசிக்கலாம். கோவையில் எங்களுடையது தனி வீடு. போர்ட்டிகோவில் பாயிண்ட் போட வசதி இருந்தது, மின்சாரக் காரே வாங்கினோம். சென்னையில் தெருவோரம் காரை நிறுத்தும் என் தம்பி ஆசையாகக் கேட்டபோதும், “பெட்ரோலே வாங்குடா” என்றுதான் சொன்னேன். எப்போதும் வெளியில் சார்ஜ் போடுகிறவருக்கு யூனிட் விலை வீட்டைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிவிடும். காத்திருக்கும் நேரம் வேறு.

எலக்ட்ரீஷியனை அழைத்து 16 ஆம்பியர் பாயிண்ட், அதற்குத் தனி ஒயர், தனி எம்சிபி (மின்சாரம் அளவுக்கு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) என்று கேளுங்கள். பழைய வீடு என்றால் எர்த்தை முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். எர்த் சரியில்லாவிட்டால் பல சார்ஜர்கள் வேலையே செய்யாது. சாதாரண 3.3 கிலோவாட் சார்ஜர் இரவு எட்டு மணி நேரத்தில் 150 கிலோமீட்டருக்குப் போதுமான மின்சாரத்தை ஏற்றிவிடும். பள்ளி, அலுவலகம், காய்கறிக் கடைக்கு அது தாராளம்.

அப்புறம் கணக்கு. ஹூண்டாய் கிரெட்டா பெட்ரோலிலும் வருகிறது, 2025 ஜனவரியிலிருந்து மின்சாரத்திலும் வருகிறது. ஒரே கார் என்பதால் ஒப்பிட வசதி. ஊருக்குள் பெட்ரோல் கார் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்தால், லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால்கூட கிலோமீட்டருக்கு 8 ரூபாய்க்கு மேல் ஆகிறது. மின்சாரத்துக்கு ஈ.பி. பில்லைப் பாருங்கள். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே வரும் ஒவ்வொரு யூனிட்டும் 8 ரூபாய்க்கு மேல். யூனிட் 9 ரூபாய், யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய். மிச்சம் ஏறக்குறைய 7 ரூபாய். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டும் வீட்டில் வருடத்துக்கு 84,000 ரூபாய் மிஞ்சும். காரின் விலையில் 4 லட்சம் கூடுதல் என்றால் ஐந்து வருடத்தில் ஈடாகிவிடும். மாதம் 400 கிலோமீட்டர்தான் என்றால் பன்னிரண்டு வருடம் ஆகும். அப்படிப்பட்டவர் பெட்ரோலைத் தயங்காமல் எடுக்கலாம்.

வரியையும் சேர்த்துப் பாருங்கள். மின்சாரக் காருக்கு ஜிஎஸ்டி 5 விழுக்காடு. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கு 18, கிரெட்டா அளவுள்ளவற்றுக்கு 40. சாலை வரிச் சலுகை நீங்கள் பதிவு செய்யும் நாளில் நடப்பில் உள்ளதா என்று கேட்டு, வரி, பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த ஆன்ரோடு விலையை எழுத்தில் வாங்குங்கள்.

மலைக்குப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறக்குறைய 1,900 மீட்டர் ஏற்றம். ஆட்களும் பெட்டிகளுமாக 2 டன் எடையை அந்த உயரத்துக்குத் தூக்கவே 10 யூனிட் வேண்டும். சாலையில் ஓட ஆகும் மின்சாரம் தனி. மின்சார கிரெட்டாவின் 51.4 கிலோவாட்-ஹவர் (அதாவது 51.4 யூனிட்) பேட்டரிக்கு அது பெரிய சுமை இல்லை. இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி நல்ல பங்கைத் திருப்பித் தரும், பிரேக்கும் அவ்வளவாகச் சூடாகாது. ஆனால் மேலே தங்கும் விடுதியில் 100 விழுக்காடு சார்ஜ் ஏற்றிவிட்டு இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரிக்குள் அந்த மின்சாரம் போக இடமிருக்காது. 80-ல் நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள்.

கோவை–சென்னை 500 கிலோமீட்டர். 2025-ல் அந்த கிரெட்டா அறிமுகமானபோது விளம்பரத்தில் ஒரு சார்ஜுக்கு 473 கிலோமீட்டர் என்று இருந்தாலும், ஏசி போட்டு நெடுஞ்சாலையில் மணிக்கு 100-ல் போனால் 300-ஐ ஒட்டித்தான் நம்ப வேண்டும். வழியில் 50 கிலோவாட் சார்ஜரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தோடு அது போய்விடும். பொங்கல், தீபாவளிக் கூட்டத்தில் மட்டும் முன்னால் நிற்கும் கார்களையும் கணக்கில் சேருங்கள். மாதம் நாலைந்து முறை இப்படி ஓடுகிற வேலை என்றால் பெட்ரோல்தான் நிம்மதி.

டெஸ்ட் டிரைவுக்கு வீட்டில் உள்ள பெரியவர்களையும் கூட்டிப்போங்கள். பெட்ரோல் காரையே மின்சாரமாக்கிய மாடல்களில் பேட்டரி அடியில் இருப்பதால் பின்சீட்டின் தரை சற்று உயர்ந்திருக்கும். முழங்கால் மேலே தூக்கி நிற்கும். என் மாமியாருக்கு மூட்டுவலி என்பதால் இரண்டு கார்களிலும் அரை மணி நேரம் பின்னால் உட்கார வைத்துத்தான் முடிவெடுத்தோம். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி இருக்கிறதா, பஞ்சர் கிட் மட்டுமா என்றும் பாருங்கள். பேட்டரிக்கு எட்டு வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி பரவலாகத் தருகிறார்கள். பேட்டரியின் கொள்ளளவு எவ்வளவு குறைந்தால் மாற்றித் தருவார்கள் என்ற வரியைத் தேடிப் படித்த பிறகு முன்பணம் கட்டுங்கள்.