கொங்கு நாட்டிலிருந்து ஆஸ்திரேலியா வரும் ஆங்கில ஆசிரியர்களுக்கு: மொழித்தகுதிச் சான்று வாங்கும் வழி

கோயமுத்தூரிலோ கோபியிலோ பத்து வருடம் ஆங்கிலப் பாடம் எடுத்தவர், எம்.ஏ. ஆங்கில இலக்கியமும் பி.எட்.டும் கையில் வைத்திருப்பவர், இங்கே வந்ததும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: “இங்கிலீஷ் வாத்தியாருக்கே இங்கிலீஷ் பரீட்சையாங்க?” ஆமாங்க. ஆசிரியர் தகுதியை மதிப்பிடும் ஏஐடிஎஸ்எல் அமைப்பு பாடத்தைப் பார்த்து விலக்கு தருவதில்லை, படித்த நாட்டைப் பார்த்துத்தான் தருகிறது. ஆஸ்திரேலியா, கனடா, அயர்லாந்து, நியூசிலாந்து, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் ஆசிரியர் பயிற்சியையும் சேர்த்து நான்கு வருட உயர்கல்வி முடித்திருக்க வேண்டும். இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. மெல்போர்னில் ஒரு வருட மாஸ்டர்ஸ் முடித்தாலும் நான்கு வருடக் கணக்கு நிறையாது. கல்லூரி தரும் ‘ஆங்கில வழியில் படித்தார்’ என்ற கடிதமும் இங்கே செல்லாது.

எழுத வேண்டியது ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் அகடமிக் வகை. ஜெனரல் ட்ரெய்னிங் அல்ல. குடும்பத்தோடு பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) விண்ணப்பத்துக்காக ஜெனரல் எழுதி வைத்திருப்பவர்கள் அதையே இங்கேயும் காட்டலாம் என்று நம்பி ஏமாறுகிறார்கள். விசாவுக்கு ஏற்கிற தேர்வெல்லாம் ஆசிரியர் தகுதி மதிப்பீட்டுக்கும் ஆகும் என்று எண்ண வேண்டாம். இரண்டும் வேறு வேறு அலுவலகங்கள், விதிகளும் வேறு.

ஒவ்வொரு பகுதியிலும் ஒன்பதுக்கு வேண்டிய மதிப்பெண்: ரீடிங் 7, ரைட்டிங் 7, லிஸனிங் 8, ஸ்பீக்கிங் 8. நான்கையும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். லிஸனிங் 8.5, ரீடிங் 9, ரைட்டிங் 7, ஸ்பீக்கிங் 7.5 வாங்கினால் சராசரி 8 வரும். பார்க்க அருமையான மதிப்பெண். ஆனால் ஸ்பீக்கிங்கில் அரை குறைவதால் விண்ணப்பத்தை ஏற்க மாட்டார்கள். தேர்வு எழுதி 24 மாதத்துக்குள் விண்ணப்பித்தும் ஆக வேண்டும்.

அந்த 24 மாதத்தை மனதில் வைத்துத்தான் வேலையின் வரிசையை முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலானவர்கள் முதலில் தேர்வை எழுதிவிட்டு, பிறகு ஊருக்குப் போன் போட்டு பாடவாரி மதிப்பெண் பட்டியலான டிரான்ஸ்கிரிப்ட் கேட்கிறார்கள். அது வந்து சேர்வதற்குள் மாதங்கள் ஓடிவிடும். எங்கள் சொல் இதுதான்: காகிதம் முதலில், தேர்வு பிறகு. தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் 2008இல் தொடங்கியது. அதற்குப் பிறகு பி.எட். முடித்தவர்கள் பெரும்பாலும் சென்னைக்குத்தான் எழுத வேண்டியிருக்கும். அதற்கு முன் கோவை, ஈரோடு பக்கம் படித்தவர்களுக்கு மருதமலை ரோட்டில் உள்ள பாரதியார் பல்கலைக்கழகம். சேலம், நாமக்கல் பக்கத்தவர்களுக்கு, 1997இல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகம். பட்டம் ஒரு இடம், பி.எட். இன்னொரு இடம் என்றால் இரண்டு இடத்திலும் கேட்க வேண்டும். ஊரில் தம்பியோ மச்சானோ நேரில் போய் மனு கொடுத்துத் தொடர்ந்து விசாரித்தால் காரியம் வேகமாக நடக்கும்.

பி.எட். கல்லூரியிடம் இன்னொரு கடிதமும் வாங்க வேண்டும். பள்ளி வகுப்பில் மேற்பார்வையோடு பாடம் நடத்திய நாட்கள் எத்தனை, எந்த வயது மாணவர்களுக்கு என்பது அதில் இருக்க வேண்டும். ஏஐடிஎஸ்எல் குறைந்தது 45 நாள் கேட்கிறது. 2015க்குப் பிறகு இரண்டு வருட பி.எட். படித்தவர்களுக்கு இது சிக்கலாக இராது. பழைய ஒரு வருட பி.எட்., தொலைதூர பி.எட். முடித்தவர்கள் தேர்வுக்குப் பணம் கட்டும் முன்பே இந்த நாட்களை எண்ணிப் பார்த்துவிட வேண்டும். இதில் குறை இருந்தால் ஐஇஎல்டிஎஸ்ஸில் ஒன்பதே வாங்கினாலும் பயனில்லை.

பெயர்ச் சிக்கல் நம்மவர்களுக்கே உரியது. பட்டத்தில் ‘கே. செந்தில்குமார்’, பாஸ்போர்ட்டில் அப்பா பெயரும் விரிந்து நிற்கும், கல்யாணமானவர்களுக்குச் சிலசமயம் கணவர் பெயர். தேர்வுச் சான்று பாஸ்போர்ட் பெயரில்தான் வரும். இவை எல்லாம் ஒரே ஆள்தான் என்று காட்டும் உறுதிமொழிப் பத்திரத்தை முன்கூட்டியே தயார் செய்து வையுங்கள்.

இனித் தேர்வு. ரீடிங்கில் 60 நிமிடம், மூன்று நீண்ட கட்டுரை, 40 கேள்வி. சுமார் 30 சரியானால் 7 வந்துவிடும். நம் ஆசிரியர்கள் இதில் அதிகம் தடுமாறுவதில்லை. கேள்வியில் தரும் கூற்றுகளில் ‘ஃபால்ஸ்’ எது, ‘நாட் கிவன்’ எது என்று பிரிப்பதில்தான் மதிப்பெண் போகும். கட்டுரையில் அதற்கு எதிராகச் சொல்லியிருந்தால் ஃபால்ஸ், பேச்சே எடுக்கவில்லை என்றால் நாட் கிவன்.

லிஸனிங்கில் 8 வேண்டுமென்றால் 40க்கு 35 சரியாக வேண்டும். அதாவது ஐந்தே ஐந்து தவறுக்குத்தான் இடம். ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான் ஓடும். இந்த ஐந்தும் புரியாமல் போவதால் மட்டும் போவதில்லை. ‘இரண்டு சொல்லுக்கு மிகாமல்’ என்றிருக்கும் இடத்தில் மூன்று சொல் எழுதுவது, பன்மை எஸ் விடுவது, எழுத்துப்பிழை, இவற்றாலேயே மூன்று நான்கு போய்விடும். பிரிட்டிஷ், அமெரிக்க எழுத்துமுறை இரண்டையும் ஏற்பார்கள். ஆஸ்திரேலிய உச்சரிப்புக்குக் காது பழக வேண்டும். அவர்கள் ‘ஏ’ என்று சொல்லும் எழுத்து நம் காதில் ‘ஐ’ போல விழும். ஒரு பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லும்போது ‘ஏ’ வர வேண்டிய இடத்தில் ‘ஐ’ எழுதிவிட்டு நகர்ந்துவிடுவோம். தர்ட்டீன், தர்ட்டி குழப்பமும் அப்படித்தான், அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்று கேட்டால்தான் பிடிபடும். ஆஸ்திரேலியாவின் பொது வானொலியான ஏபிசி ரேடியோவைத் தினமும் அரை மணி நேரம் கேட்டு, காதில் விழும் எண், பெயர், தெருப்பெயர்களை எழுதிப் பாருங்கள்.

ரைட்டிங்கில் இரண்டு பகுதி. முதலாவது குறைந்தது 150 சொல், இரண்டாவது குறைந்தது 250 சொல், மொத்தம் ஒரு மணி நேரம். இரண்டாவதற்கு இரு மடங்கு மதிப்பு என்பதால் அதற்கு 40 நிமிடம் ஒதுக்க வேண்டும். முதல் பகுதியில் வரைபடம் காட்டுவதை மட்டும் எழுத வேண்டும். ஏன் கூடியது, ஏன் குறைந்தது என்று காரணம் சொல்லப் போனால் மதிப்பெண் குறையும். காந்திபுரம் கோச்சிங் சென்டர் நோட்டில் இருக்கும் தயார் வாக்கியங்களை அப்படியே இறக்கினால் தேர்வாளர் உடனே கண்டுபிடித்துவிடுவார். கணினியில் எழுதுபவர்களுக்குச் சொல் எண்ணிக்கை திரையில் தெரியும், ஆனால் தட்டச்சு மெதுவாக இருந்தால் நேரம் போதாது.

நம் ஆட்களைத் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் ஸ்பீக்கிங்தான். 11 முதல் 14 நிமிடம், மூன்று பகுதி. சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்று நான்கு அளவுகோல், நான்குக்கும் சம மதிப்பு. நம் ஊர் மரியாதை இங்கே கொஞ்சம் தடையாகிறது. பெரியவர் கேட்டால் சுருக்கமாக, பணிவாகப் பதில் சொல்வதுதான் நாம் பழகியது. இங்கே “யெஸ் சார்” என்று நிறுத்தினால் தேர்வாளருக்கு மதிப்பிட ஒன்றுமே இருக்காது. இரண்டாம் பகுதியில் ஒரு நிமிடம் யோசித்து இரண்டு நிமிடம் வரை பேச வேண்டும். ‘நீங்கள் போன ஒரு சந்தை’ என்று வந்தால், பொள்ளாச்சி மாட்டுச் சந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். “இட் இஸ் எ பிக் மார்க்கெட்” என்று முடிக்காமல், விடியலில் லாரியில் மாடு இறங்குவது, துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவது, அப்போது சுற்றி நிற்பவர்களுக்கு விலை தெரியாமலே போவது என்று ஒவ்வொன்றாக விரியுங்கள். தெரிந்த விஷயத்தைப் பேசும்போது சொல் தானாக வரும்.

உச்சரிப்பில் நம் தொனி இருப்பதற்காக மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். புரியாமல் போனால்தான் குறையும். கடைசி மெய்யோடு உகரம் சேர்த்து ‘புக்கு’, ‘பஸ்ஸு’ என்பது, எஃப் வர வேண்டிய இடத்தில் ‘ப’ சொல்வது, அழுத்தத்தை இடம் மாற்றுவது, இவற்றைத் திருத்தினாலே பாதி வேலை முடியும். ‘ஹோட்டல்’, ‘டெவலப்’, ‘கமிட்டி’ மூன்றிலும் அழுத்தம் இரண்டாம் அசையில் விழ வேண்டும், நாம் முதல் அசையில் போடுகிறோம். ‘டிஸ்கஸ் அபவுட்’, ‘கோப் அப் வித்’, ‘ஐ ஆம் ஹேவிங் டூ சில்ட்ரன்’ போன்ற பிழைகள் வகுப்பில் வருடக்கணக்காகச் சொல்லிப் பழகியவை, நமக்கே தெரியாமல் வரும். போனில் இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்து, கேட்டுக்கொண்டே இவற்றைத் தாளில் கோடு போட்டு எண்ணுங்கள். பத்து நாளில் எண்ணிக்கை குறைவது கண்ணுக்குத் தெரியும்.

அரைப் புள்ளியில் தவறிவிட்டால் ஆறு வாரத்துக்குள் மறுமதிப்பீடு கேட்கலாம், மதிப்பெண் மாறினால் கட்டணம் திரும்பி வரும். ஒரே ஒரு பகுதியை மட்டும் மறுபடி எழுதும் வசதியைச் சில அமைப்புகள் ஏற்கும், சில ஏற்பதில்லை. நீங்கள் விண்ணப்பிக்கும் அமைப்பிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொண்டு பணம் கட்டுங்கள். நியூசிலாந்துப் பக்கமும் பார்ப்பவர்கள் நான்கிலும் 7 என்று குறி வையுங்கள்.

ஏஐடிஎஸ்எல் மதிப்பீடு விசாவுக்கானது. வகுப்பில் நிற்க மாநிலப் பதிவு தனியாக வேண்டும்: விக்டோரியாவில் விஐடி, நியூ சவுத் வேல்ஸில் நெசா, குயின்ஸ்லாந்தில் க்யூசிடி. கணவர் அல்லது மனைவி விசாவில் வேலை உரிமையோடு வந்தவர்கள் நேரே மாநிலப் பதிவுக்கே போகலாம். அதற்கு இந்திய போலீஸ் சான்றும் கேட்பார்கள். இன்னும் கிளம்பாதவர்கள் கோவை பாஸ்போர்ட் அலுவலகத்திலேயே வாங்கிக்கொண்டு வருவது நல்லது. பதிவு வரும்வரை, வகுப்பில் ஆசிரியருக்கு உதவும் டீச்சர் எய்டு வேலைக்கு விண்ணப்பிக்கலாம், வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் பாடம் எடுக்கலாம். இரண்டுக்கும் குழந்தைகளோடு பணிபுரியும் அனுமதி தேவை. விக்டோரியாவிலும் நியூ சவுத் வேல்ஸிலும் தொண்டர்களுக்கு அது இலவசம், ஆனால் அந்த இலவச அனுமதியை வைத்துச் சம்பள வேலையில் சேர முடியாது. ஆகவே வேலை தேடும் எண்ணமிருந்தால் ஆரம்பத்திலேயே கட்டணம் கட்டி வாங்கிவிடுங்கள்.