விட்சர் 3 வீடியோ கேம் ஆட முதல் ரெண்டு பாகத்தையும் முடிச்சிருக்கணுமா?

வேண்டாம். நேரா மூணாவதுக்கே (2015) போங்க. கதையின் உயிரே நாயகன் கெரால்ட்டோட வளர்ப்பு மகள் சிரி, காதலி யெனிஃபர் ரெண்டு பேரும்தான். முதல் ரெண்டு கேம்களில் இவங்களை நேரில் பார்க்கவே முடியாது. அதனால பெரிசா எதுவும் விட்டுப்போகாது.

ஒண்ணு மட்டும் கவனிங்க. புது ஆட்டம் தொடங்கும்போது, 'விட்சர் 2 சேவ்' (ரெண்டாவதை ஆடிச் சேமிச்ச பதிவு) இருப்பதுபோல பாவிக்கும் ஆப்ஷன் ஒண்ணு வரும். அதை ஆன் பண்ணுங்க. கொஞ்ச நேரம் கழிச்சு விசிமா அரண்மனையில் கெரால்ட்டுக்குச் சவரம் நடக்கும்போது, வூர்ஹிஸ்ங்கிற படைத்தளபதி ரெண்டாவது கேமின் பழைய விஷயங்களைக் கிளறுவார். படைத்தலைவர் ரோஷ் பக்கமா, எல்ஃப் கிளர்ச்சிக்காரர் யோர்வெத் பக்கமா? அரசர்களைக் கொன்ற லெத்தோவை உயிரோட விட்டீங்களா? லெத்தோவை விட்டேன்னு சொல்லுங்க, பின்னாடி ஆளே எதிரில் வந்து நிற்பார். அந்தக் கிளைக்கதையை இழக்காதீங்க.

பழசையும் தொட்டுப் பார்க்க ஆசையா? அப்போ 2 (2011). முதல் அத்தியாயக் கடைசியில் எடுக்கிற ஒரே முடிவில் ரெண்டாம் அத்தியாயம் மொத்தமும் வேற ஊர், வேற ஆட்கள்னு மாறிடும். இப்படித் துணிஞ்சு செய்த கேம்கள் கம்மி.

முதல் பாகம் (2007) எனக்கே பாதியில் நின்னது. சண்டையில் கத்திக் குறி எரியும் நொடி பார்த்து மவுஸைத் தட்டணும், சதுப்புநிலத்துக்கும் ஊருக்கும் நடையா நடக்கணும். கதைச்சுருக்கம் படிச்சா போதும்.