குட்டி யானையா, பெரிய பிக்கப்பா? மலையில் சரக்கு வண்டி எடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

நீலகிரியில் சரக்கு வண்டி எடுக்க நினைப்பவர் முதலில் கேட்பது "மேடு ஏறுமா?" என்பதைத்தான். ஏறும். ஆர்சியில் போட்டிருக்கும் எடையைத் தாண்டாமல் ஏற்றினால், இன்று ஷோரூமில் நிற்கிற எந்த வண்டியும் மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் இருக்கும் பர்லியாறிலிருந்து குன்னூருக்கு ஏறிவிடும். சிலது முதல் கியரில் முனகிக்கொண்டே ஏறும், அவ்வளவுதான். ஆனால் நம் ஊரில் லோடு போவது கீழே. கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு எல்லாம் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகின்றன. திரும்பும்போது பாதி நாள் காலி வண்டி, மீதி நாள் உரமோ அரிசியோ. ஆக, முழு கனத்தோடு இருக்கும்போது வண்டிக்கு வேலை இழுப்பதல்ல, பிடிப்பது. இதை நினைக்காமல் குதிரைத்திறனை மட்டும் ஒப்பிட்டு வண்டி எடுப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே கிளைக்கின்றன.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் முந்நூறு சொச்சம். நடுவில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் சாலை. வண்டியும் லோடும் சேர்ந்து 2 டன் என்று வையுங்கள். இந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல், ஒரு லிட்டர் டீசலை முழுதாக எரித்தால் வரும் சூட்டுக்குச் சமம். 3 டன் என்றால் ஒன்றரை லிட்டர். அந்தச் சூட்டை ஒன்று எஞ்சின் வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பிரேக் வாங்கிக்கொள்ள வேண்டும். ஏறும் கியரிலேயே இறங்கு என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுபவர் அத்தனை சூட்டையும் பிரேக் மேல் போடுகிறார். சாவியையே அணைத்துவிட்டு இறக்குபவரும் இருக்கிறார். எஞ்சின் ஓடாவிட்டால், நம் மிதிக்குப் பலம் சேர்க்கும் பிரேக் பூஸ்டருக்கு வேக்கம் (வெற்றிட இழுப்பு) கிடைக்காது. இரண்டு மூன்று முறை மிதித்ததும் பெடல் கல்லாகிவிடும்.

இப்போது குட்டி யானைக்கு வருவோம். 2005-இல் டாடா ஏஸ் வந்ததிலிருந்து மலையில் அதற்கென்று ஓர் இடம் இருக்கிறது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் அது தாங்கும் எடை சுமார் 750 கிலோ, அதாவது 15 மூட்டை சிமென்ட். 15 மூட்டையோடு யாராவது நிறுத்திப் பார்த்திருக்கிறீர்களா? "சின்ன வண்டியா எடுத்துக்கலாம், டியூ கம்மி, லோடு கொஞ்சம் கூடப் போட்டுக்கலாம்" என்று கணக்குப் போட்டுத்தான் பலர் எடுக்கிறார்கள். எடுத்த கையோடு பட்டறைக்கு ஓட்டிப்போய் பின்னால் கனம் தாங்கும் ஸ்பிரிங்கில் இரண்டு பிளேட் கூடுதலாகப் போடுவார்கள். அருவங்காடு பக்கம் ஒரு பட்டறைக்காரர் இதைக் கேட்டு வந்தவரிடம் சொன்னது: "பிளேட் போட்டா வண்டி குனியாதுங்ணா. நிக்குமான்னு என்னைக் கேக்காதீங்க." அவர் சொன்னதுதான் விஷயம். பிளேட் போட்டால் வண்டி நிமிர்ந்து நிற்கும், அவ்வளவே. பிரேக் அதே பிரேக், ஆக்சில் அதே ஆக்சில், டயர் அதே 12 இன்ச் டயர். குனிந்து நிற்கிற வண்டியைப் பார்த்தாலாவது லோடு அதிகம் என்று தெரியும். பிளேட் போட்ட பிறகு அந்த அடையாளமும் போய்விடும்.

மாட்டினால் செலவும் சின்னதல்ல. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலே 2,000 ரூபாய். அதிகப்படி சரக்கை இறக்கும் செலவும் நம் தலையில்தான். தோஸ்த், பொலேரோ பிக்கப், யோதா போன்ற பெரிய பிக்கப் வண்டிகள் மாடலைப் பொறுத்து ஒன்றேகால் டன்னிலிருந்து 2 டன் வரை தாங்கும். வாரத்துக்கு நாலு நாள் ஒரு டன்னுக்கு மேல் இறக்குகிறவர் பெரிய வண்டிதான் எடுக்க வேண்டும். அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. சீசனில் சில வாரம் லோடு குவிவதைப் பார்த்துவிட்டு, வருஷம் முழுக்க அப்படித்தான் என்று நினைத்து 2 டன் வண்டி எடுப்பது. மீதி மாதங்களில் பாதி லோடோடு ஓடும், டியூ மட்டும் முழுசாகப் போகும். பணத்தை விடுங்கள், அந்த வண்டி தோட்டத்துக்குள் போகுமா? கேத்தி, முத்தோரை பாலாடா பக்கம் இரண்டு தடுப்புச் சுவருக்கு நடுவில் போகும் தடங்களைப் பார்த்தவருக்குத் தெரியும். ஏஸ் ஒன்றரை மீட்டர் அகலம், அதன் திரும்பு ஆரம் 4.3 மீட்டர். ஏழு அடிப் பெட்டி, முக்கில் ஒரே ஒடிப்பில் திரும்பிவிடும். ஒன்பது அடிப் பெட்டி வைத்த பிக்கப் அதே முக்கில் முன்னும் பின்னுமாக எடுக்க வேண்டும். பின்சக்கரம் சுவர் ஓரத்து ஈரமண்ணில் இறங்கினால் அன்றைய வேலை அதோடு முடிந்தது. காலி வண்டியில் பின்பக்கம் கனமே இருக்காது. சக்கரம் இழுப்பதோ பின்னால்தான். மழைநாளில் புல்தடத்தில் நின்ற இடத்திலேயே சுற்றும். ஃபோர் வீல் டிரைவ் மாடல் இதற்கு உதவும், ஆனால் நிறையப் பேருக்கு அந்தக் கூடுதல் விலை கட்டுப்படியாகாது.

ஒரே வண்டி எல்லா வேலையும் செய்ய வேண்டும் என்று ஏன் நினைக்க வேண்டும்? தோட்டத்திலிருந்து கேரட் கழுவும் மெஷினுக்கோ மெயின் ரோட்டுக்கோ சொந்தமாக ஒரு சின்ன வண்டி. அங்கிருந்து மண்டிக்குப் பக்கத்துத் தோட்டக்காரர்களோடு சேர்ந்து வாடகைக்கு ஒரு பெரிய வண்டி. நாலைந்து ஏக்கர் வைத்திருப்பவருக்கு இது போதும் என்பது என் கருத்து. சின்ன வண்டியிலேயே இரண்டு நடை அடித்துக்கொள்ளலாம் என்பவர் ஏல நேரத்தை மறந்துவிடுகிறார். முதல் நடை இறக்கிவிட்டு மேலே வந்து திரும்ப இறங்குவதற்குள் விலை படுத்துவிடும்.

எடையைக் கணக்குப் போடுவதிலும் ஒரு சறுக்கல். விளம்பரத்தில் இருக்கும் எடையை முழுக்கக் காய்கறிக்கென்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆர்சியில் இருக்கும் மொத்த எடையிலிருந்து வண்டியின் காலி எடையைக் கழித்தால் வருவதில் டிரைவர், கூட வரும் ஆள், தார்ப்பாய், கயிறு, பின்னால் கட்டிய கம்பிக் கூண்டு எல்லாம் அடக்கம். மெஷினில் கழுவி நீர் சொட்டச் சொட்ட ஏற்றிய கேரட்டில் தண்ணீர் கனமும் சேரும். எடை மேடையில் ஒருமுறை ஏற்றிப் பார்த்தால் முகம் மாறும்.

காகித வேலையில் கவனிக்க வேண்டிய எண் 3,000. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டம் 66-ஆம் பிரிவின்படி பர்மிட் தேவையில்லை, தாண்டினால் தேவை. ஒரே பெயரில் வரும் பிக்கப்பிலேயே ஒரு மாடல் இந்தக் கோட்டுக்குக் கீழும் இன்னொன்று மேலும் இருக்கலாம். புக் பண்ணும் முன் கேட்டுவிடுங்கள். லைசென்ஸ் பற்றிப் பயம் வேண்டாம்: 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக லைசென்ஸ் வைத்தே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் சொல்லிவிட்டது. கூடலூர்க்காரர்கள் மைசூருக்கு லோடு அடிக்க நினைத்தால், பந்திப்பூர் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும் என்பதையும் நடைக் கணக்கில் சேர்க்க வேண்டும். பெரிய பெட்டி இருக்கிறதே என்று தேயிலை பறிக்கும் ஆட்களைப் பின்னால் ஏற்றுவது மட்டும் வேண்டவே வேண்டாம். சரக்கு வண்டி இன்சூரன்ஸ் அவர்களுக்காகப் போட்டதல்ல.

பழைய வண்டி எடுப்பவர்கள் கிலோமீட்டரை மட்டும் பார்க்கிறார்கள். மலையில் ஓடிய வண்டியில் கிலோமீட்டர் கம்மியாகத்தான் இருக்கும், அடி பலமாக இருக்கும். பின்சக்கரத்தைக் கழற்றி பிரேக் டிரம்மை எடுக்கச் சொல்லுங்கள். உள்பக்கம் நீலம் பாய்ந்த திட்டுகளோ மயிர்க்கோடு போல விரிசலோ தெரிந்தால், அதைச் சூடேற சூடேற இறக்கியிருக்கிறார்கள் என்று பொருள். பிரேக் ஆயில் பழுப்பாக இருந்தால் ஈரம் குடித்துப் பழசாகியிருக்கலாம். ஈரம் ஏறிய ஆயில் சீக்கிரம் கொதித்துவிடும், கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். பெட்டியின் தரைத் தகட்டையும் அடியில் கையால் தடவிப் பாருங்கள். பனியும் கேரட் தண்ணீரும் சேர்ந்து தின்றிருக்கும்.

புது வண்டியானால், ஷோரூம்காரர் காலி வண்டியைச் சமதளத்தில் ஓட்டிக் காட்டுவதை வைத்து முடிவு எடுக்காதீர்கள். லோடோடு டெமோ கேளுங்கள். தரவில்லை என்றால், அதே மாடலை ஸ்டாண்டில் ஒருநாள் வாடகைக்குப் பேசி, உங்கள் தோட்டத்துச் சரக்கையே ஏற்றி, டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து பர்லியாறு வரை இறங்கிப் பாருங்கள். அங்கே நிறுத்தி இறங்கியதும் சக்கரத்தின் பக்கம் போய் மூக்கை வைத்தால், கருகிய வாடை வருகிறதா என்று தெரிந்துவிடும்.