களிமண் வளவில் செடி வைக்கப் போகிறீர்களா?

திருகோணமலை மாவட்டத்தில் தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் வயலை ஒட்டிய வளவு என்றால் மண்ணைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. மாரியில் செருப்பைப் பிடித்து இழுக்கும். ஆடியில் கச்சான் காற்றோடு பாளம் பாளமாக வெடிக்கும்.

பலரும் விடும் பிழை, கடற்கரை மணலை அள்ளிவந்து கலப்பது. கொஞ்சம் மணல் களியோடு சேர்ந்தால் இன்னும் இறுகத்தான் செய்யும், உப்பு வேறு. மக்கிய மாட்டெரு, உமி, காய்ந்த சருகு போடுங்கள். வருடா வருடம் போட வேண்டும், ஒரே தடவையில் மாறாது.

எப்போது கொத்துவது? ஒரு பிடி மண்ணை உருட்டிப் பாருங்கள். கயிறு போல நீண்டால் மண்வெட்டியைத் தொடாதீர்கள். அழுத்த உதிர்ந்தால் சரி.

நல்ல வெயிலும் களியும் உள்ள இடத்துக்கு என் முதல் தேர்வு செவ்வரத்தை. அலரியும் தாங்கும், ஆனால் நஞ்சு, ஆடுகளும் குழந்தைகளும் உள்ள வீட்டில் வேண்டாம். முருங்கை, பப்பாசி இரண்டுக்கும் வேரில் தண்ணீர் நின்றால் அழுகிவிடும். ஒன்றரை அடி உயரத்துக்கு மண்ணைக் குவித்து அதன்மேல் நடுங்கள். குழி வெட்டி எரு நிரப்பி நட்டால், மார்கழி மழையில் அந்தக் குழியே கிணறாகிவிடும். நான் இரண்டு பப்பாசியை அப்படித்தான் பறிகொடுத்தேன்.