டிஆர் டிரில்ல லாகின் ஆகாம 3 நாள் இழுத்த கதை

டிஆர் (டிசாஸ்டர் ரெகவரி) டிரில்னா, மெயின் சைட்டை ஆஃப் பண்ணி, மாற்றா வச்சிருக்கிற ஸ்டாண்ட்பை சைட்டுக்கு மாத்திப் பாக்குற ஒத்திகை. 4 மணி நேரத்துல எல்லாம் ஓடணும்னு பிளான்ல இருக்கு. சர்வர் எல்லாம் ஏறிடுச்சு, டேட்டாபேஸும் சரியா இருக்கு, ஆனா ஆப்ல யாராலயும் லாகின் பண்ண முடியல. விநோதம் என்னன்னா, சர்வர் பேரு போட்டா உள்ள விடாது, ஐபி அட்ரஸ் போட்டா விடும்.

அதனால சர்வர் பேரை ஐபி அட்ரஸா மாத்துற டிஎன்எஸ்லதான் கோளாறுன்னு முடிவு பண்ணி ஒரு நாள் முழுக்க ரெக்கார்டா பாத்தேன், எல்லாம் கரெக்ட். அடுத்து ஃபயர்வால், அப்புறம் சர்வீஸ் அக்கவுண்ட் பாஸ்வேர்டு ரீசெட், எதுவும் உதவல.

மூணாவது நாள் யதேச்சையா ஸ்க்ரீன் மூலைல இருந்த கடிகாரத்தைப் பாத்தேன், சர்வர்ல 11:13, என் போன்ல 11:20. அப்பதான் பொறி தட்டிச்சு. பேரு போட்டு லாகின் பண்ணும்போது ஆளைச் சரிபார்க்குற கெர்பரோஸ், ரெண்டு மெஷின் கடிகாரத்துக்கு நடுவுல டிஃபால்ட்டா 5 நிமிஷ வித்தியாசம் வரைக்கும்தான் பொறுத்துக்கும். ஐபி போட்டா விண்டோஸ், நேரத்தை இவ்வளவு கண்டிப்பா பாக்காத பழைய முறையான என்டிஎல்எம்முக்குப் போயிடும், அதான் அது மட்டும் வேலை செஞ்சிருக்கு!

விஎம் (வர்ச்சுவல் மெஷின்) எல்லாம் ஓடுற ஸ்டாண்ட்பை ஹோஸ்ட்டோட, நேரத்தைச் சரியா வச்சுக்கிற என்டிபி செட்டிங்ல, மெயின் சைட்ல எப்பவோ கழட்டிப் போட்ட பழைய சர்வரோட ஐபி இருந்துச்சு. ரொம்ப நாளா நேரம் மெல்ல மெல்ல நழுவி, ஆப் விஎம் அந்த ஹோஸ்ட்லேர்ந்தே தப்பான நேரத்தை எடுத்திருக்கு, லாகினைச் சரிபார்க்குற சர்வரான டொமைன் கன்ட்ரோலர் வேற ஹோஸ்ட்ல இருந்ததால அதுல நேரம் சரி. ஹோஸ்ட்டுக்கு மெயின் சைட்டை நம்பாத ரெண்டு என்டிபி சோர்ஸ் குடுத்து, விஎம்ல டைம் ரீசிங்க் பண்ணதும் ரெண்டே நிமிஷத்துல லாகின் ஆச்சு, அப்பாடா.

இப்ப பிளான்ல ஃபெயில்ஓவர் (ஸ்டாண்ட்பைக்கு மாத்துறது) முடிஞ்சதும் முதல் ஸ்டெப்பே நேரம் செக் பண்றதுதான்.