கூண்டில் ஏறியவர் அடுத்த முறை குறிப்பெடுக்கட்டும்

கணினி, போன் போன்றவற்றில் தடயம் தேடும் டிஜிட்டல் தடயவியல் மாணவர்களை நடிக்க வைக்கும்போது நான் கடைசியிலிருந்துதான் தொடங்குவேன். முதலில் குறுக்கு விசாரணைக் கேள்விகளை எழுதுவேன், அப்புறம்தான் காட்சியை.

காட்சி சின்னதாக இருந்தால் போதும். ஒரு மேஜை, ஆன் செய்த லேப்டாப், ஒரு பென் டிரைவ். வேலையை விட்டுப் போகும் ஊழியர் கோப்புகளைக் கொண்டுபோனதாகச் சந்தேகம். தரவு முழுவதையும் நீங்களே உருவாக்குங்கள். நிஜ ஆட்களின் போனோ கணினி வட்டோ வேண்டவே வேண்டாம்.

கைப்பற்றுபவர், குறிப்பெடுப்பவர், ஆய்வாளர், நிறுவன மேலாளர் என நான்கு பேர். மேலாளருக்கு மட்டும் ரகசியச் சீட்டு: 'லேப்டாப்பை உடனே அணைக்கச் சொல்லி அவசரப்படுத்து.' அணைத்தால் ரேமில் (தற்காலிக நினைவகத்தில்) இருப்பது போய்விடும். வட்டு சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் மறுபடி திறக்கவும் வழியில்லாமல் போகலாம். பாடத்தில் இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒருவர் எதிரே நின்று அதட்டும்போது கை தானாகப் பவர் பட்டனுக்குப் போகிறது. அதைப் பார்க்கத்தான் அந்தச் சீட்டு.

இமேஜ் எடுப்பது (வட்டை அப்படியே நகலெடுப்பது), ரைட் பிளாக்கர் (அசலில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் கருவி), ஹாஷ் (தரவு மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் குறியீடு) எல்லாம் வழக்கமான ஆய்வகப் பாடம்தான். அதில் அதிக நேரம் செலவிடாதீர்கள்.

இரண்டு வாரம் கழித்துச் சாட்சிக் கூண்டு. கையில் அவரவர் எழுதிய குறிப்பு மட்டும். எதிர்த்தரப்பு வக்கீலாக நானே நிற்பேன். ஒருமுறை ஒரு மாணவியிடம் கேட்டேன்: "11.40க்கு ஒப்படைத்ததாக இவர் எழுதியிருக்கிறார். 12.15க்குப் பெற்றதாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். இடையில் 35 நிமிடம் பென் டிரைவ் யாரிடம் இருந்தது?" தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பதில் இல்லை. நானும் குறுக்கிடாமல் காத்திருந்தேன். அந்த அமைதியை உடைக்காதீர்கள்.

நேரத்தைப் பற்றியும் கட்டாயம் ஒரு கேள்வி வையுங்கள். என்டிஎஃப்எஸ், ஃபேட் 32 இரண்டும் வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறைகள். என்டிஎஃப்எஸ் நேரத்தை யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) சேமிக்கும். ஃபேட் 32 உள்ளூர் நேரத்தில். பென் டிரைவை ஃபேட் 32இல் தயார் செய்தால், கோப்பு நகலான நேரத்தைப் பல மணிநேரம் தள்ளிச் சொல்லும் குழு ஒன்றாவது இருக்கும்.

விசாரணை முடிந்ததும் வேடம் கலைந்துவிட்டது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, தவறுகளைச் சேர்ந்து உட்கார்ந்து பேசுங்கள். யாரையும் தலைகுனிந்தபடி வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

அப்புறம் வேடங்களை மாற்றி இன்னொரு சுற்று. அந்த மாணவிக்குக் குறிப்பெடுக்கும் வேலை கொடுத்தேன். பென் டிரைவ் கைமாறும் ஒவ்வொரு முறையும் இரண்டு பேரையும் நிறுத்தி, ஒரே கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கினாள்.